பேகம்பூரில் ஆதிக்கம் ஒழிந்த விதம்

தாம் ஆதிக்கம் செலுத்துகிறவர் என்கிற விஷயம் தோல் வியாபாரி அப்துல் ஜப்பாருக்கு ஐம்பத்திரண்டு வயதுவரை தெரியாமலே இருந்தது. வீட்டில் அவர் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. அங்கே ஜெய்தூன் பீவி வைத்ததுதான் சட்டம். கிட்டங்கியில் தோலுக்கு உப்புப் போடுகிற ஆட்களும் அவர் சொன்னதைக் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. இப்பேர்ப்பட்ட மனிதரைத் தேடி மதராஸிலிருந்து ஒரு ஜீப் நிறைய அதிகாரிகள் வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் அவர் வீட்டு முன்னறையில் முக்காலிமேல் உட்கார்ந்திருந்த டெலிபோன்.

அந்த டெலிபோனுக்காக அவர் ஒன்பது வருஷம் காத்திருந்தார். விண்ணப்பம் போட்டபோது மகள் நர்கீஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கருவி வந்து சேர்ந்தபோது அவள் பிள்ளை அதன் வயரைக் கடித்தான். நம்பர் எண்பத்தாறு. திண்டுக்கல் பேகம்பூரில் அந்தத் தெருவுக்கு அது ஒன்றுதான் போன். ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே பொது என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத வழக்கம். கல்யாணப் பத்திரிகையில், கடை போர்டில், வைத்தியரின் மருந்துச் சீட்டில் எல்லோரும் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ‘போன்: 86 பி.பி.’ என்று அச்சடித்துக்கொண்டார்கள். பி.பி. என்றால், போன் என்னுடையது இல்லை, ஆனாலும் கூப்பிட்டால் ஆளைக் கூட்டி வருவார்கள் என்று அர்த்தம். மணி அடித்தால் ஜப்பார் எடுப்பார், “செத்த நேரம் இருங்க” என்பார், வாசலில் நின்று கூவுவார். எதிர்வீட்டு சோடாக் கம்பெனி பாஸ்கலோ, அவனுடைய அக்காள் இன்னாசியம்மாளோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவார்கள். இதற்காக அவர் யாரிடமும் பைசா வாங்கியதில்லை. பேசி முடித்தவர்களுக்கு ஜெய்தூன் பீவி டீ வேறு கொடுப்பாள்.

ஜப்பாருக்கும் அந்த போனால் ஒரு பெரிய காரியம் நடந்துகொண்டிருந்தது. பக்ரீத்துக்கு ஊர் ஜனங்கள் கொடுக்கும் குர்பானி ஆட்டுத் தோலெல்லாம் பள்ளிவாசல் மதரஸாவுக்குச் சேரும். அதை உப்பிட்டு அடுக்கி, மதராஸ் பெரியமேட்டு சேட்டிடம் போனில் விலை பேசி, மறுநாளே லாரி ஏற்றிவிடுவது ஜப்பாரின் பொறுப்பு. தரகு எடுக்கமாட்டார். அதில் வருவதை வைத்துத்தான் மதரஸாவில் இருக்கும் நாற்பது அனாதைப் பிள்ளைகளுக்கு வருஷம் பூராவும் அடுப்பு எரிந்தது. கோடையில் வரும் பக்ரீத் என்றால் உப்பிட்ட தோலைக்கூட ஒரு வாரத்துக்குமேல் நம்பமுடியாது. அந்த ஒரு வாரத்தில் ஒரு போன் வந்தால் பிள்ளைகளுக்குச் சோறு, வராவிட்டால் நாற்றம்.

இனி, ஜீப் வந்த கதை. அறுபத்தைந்தாம் வருஷம் பத்திரிகையைப் பிரித்தால் ஏகபோகம், ஏகபோகம் என்று ஒரே பேச்சாக இருந்தது. சர்க்கரையில் ஏகபோகம் இருக்கிறதா, சிமெண்டில் இருக்கிறதா என்று ஆளாளுக்குக் கவலைப்பட்டார்கள். டெலிபோன் கொடுக்கிற இலாகாவுக்கும் அந்தக் கவலை வந்தது. நாட்டில் டெலிபோன் கொடுப்பது அந்த ஒரே இலாகாதான். கவலை தாங்காமல் அது ‘தொலைபேசி ஆதிக்கத் தடுப்பு விசாரணைக் குழு’ என்று ஒன்றை அமைத்தது. குழுவுக்கு வேண்டிய மேஜை, நாற்காலி, ஜீப், தலைவர் எல்லாவற்றையும் இலாகாவே கொடுத்தது. ஆகவே இலாகாவை விசாரிப்பது நன்றிகெட்ட செயல் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானமாயிற்று. ஆதிக்கம் வேறெங்கோதான் இருக்கவேண்டும் என்று தேடக் கிளம்பினார்கள்.

தேடல் பழனியில் ஆரம்பித்தது. ஏன் பழனி என்று யாரும் கேட்கவில்லை. தலைவர் வீட்டம்மாளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. தரிசனம் முடித்துத் திரும்பும் வழியில் ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்கினார்கள். பழத்தைக் கட்டிக் கொடுத்த தாள் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. அதன் அடியில் ‘போன்: திண்டுக்கல் 86 பி.பி.’ என்றிருந்தது. திண்டுக்கல்லில் சோடா குடிக்க நின்றார்கள். கடையில் தொங்கிய பாஸ்கலின் காலண்டரிலும் 86 பி.பி. கொய்யா வேலையைக் காட்டியதில் தலைவர் வைத்தியரைத் தேட வேண்டிவந்தது. வைத்தியர் போர்டிலும் 86 பி.பி. தலைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, கல்யாணம், பானம், மருத்துவம் ஆகிய மூன்று தொழில்களையும் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் ஒரு கை இந்த ஊரில் இருப்பதாகச் சொன்னார். காரியதரிசி அதை எழுதிக்கொண்டார்.

அதிகாரிகள் வருவதாகத் தகவல் வந்ததும் ஜப்பார் செய்தது அந்த ஊர்க்காரர் யாரும் செய்யக்கூடிய தவறுதான். வீடு தேடி வருகிறவர்கள் நல்லது செய்யத்தான் வருவார்கள் என்று நம்பி, ஒரு ஆட்டை அறுத்தார். தெருவுக்கே போன் கொடுத்த புண்ணியத்துக்கு ஏதோ சர்டிபிகேட் தரப்போகிறார்கள் என்று பாஸ்கலும் அடித்துச் சொன்னான். சீரகச் சம்பா பிரியாணி தயாரானது. குழு அதை முழு மனதோடு சாப்பிட்டது. கை கழுவிய பிறகு விசாரணை தொடங்கியது.

இந்தத் தெருவுக்கு வரும் அழைப்புகளில் எத்தனை பங்கு உங்கள் வழியாக வருகிறது என்று தலைவர் கேட்டார். ஜப்பார் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்புட்டும் நம்ம வீட்டுக்குத்தாங்க வரும். நான் எடுக்கலேன்னா இந்தத் தெருவுக்குப் போனே கெடையாதுங்க.”

காரியதரிசி அதை இரண்டு தடவை அடிக்கோடிட்டார். கட்டணம் எவ்வளவு என்று அடுத்த கேள்வி. ஒரு பைசாகூட வாங்குவதில்லை என்று ஜப்பார் சொன்னதும் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டணம் வாங்கியிருந்தால் அது சுரண்டல் என்றும், அதைக்கூட ஒருவகையில் மன்னிக்கலாம் என்றும், ஒன்றுமே வாங்காமல் கொடுப்பது வருங்காலப் போட்டியாளர்களைப் பிறக்குமுன்பே நசுக்கும் தந்திரம் என்றும் தலைவர் விளக்கினார். சாட்சி சொல்ல வந்த இன்னாசியம்மாள் தன் பங்குக்கு ஜப்பாரைப் புகழ்ந்து தள்ளினாள். தான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் தூத்துக்குடியிலிருந்து வந்த போனுக்கு அவரே பதில் சொல்லி, மருமகள் பிரசவித்த செய்தியைக் கேட்டு, ஓடிவந்து சொன்னார் என்றாள். ‘பிறர் பிரசவச் செய்திகளைத் தன்வசம் வைத்திருந்தார்’ என்று அது பதிவாயிற்று.

ஜப்பாருக்கு அப்போதுதான் சர்டிபிகேட் விஷயத்தில் லேசாகச் சந்தேகம் தட்டியது. தயங்கித் தயங்கி, நாட்டிலுள்ள எல்லா போனும் இலாகாவிடம்தானே இருக்கிறது, அது எதில் சேர்த்தி என்று கேட்டார். தலைவர் கோபப்படவில்லை. நல்ல சாப்பாடு சாப்பிட்டவர் முகத்தில் இருக்கும் கனிவோடு பேசினார்.

“நல்ல கேள்வி. ஆதிக்கம் என்பது போட்டி இருக்கும் இடத்தில்தான் ஏற்படும். இலாகாவுக்குப் போட்டியே கிடையாது. போட்டி வராமல் இலாகாவே கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது. ஆகவே அங்கே ஆதிக்கத்துக்கு வாய்ப்பே இல்லை. நீங்கள் அப்படியா? எதிர்வீட்டுக்கு ஒரு போன் வந்துவிட்டால் உங்களுக்குப் போட்டி வந்துவிடும். அந்த அபாயத்தில் இருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள்மேல் எங்களுக்கு இவ்வளவு அக்கறை.”

எதிர்வீட்டு பாஸ்கலும் போனுக்கு எழுதிப்போட்டு ஆறு வருஷம் ஆகிறதே என்று ஜப்பார் நினைவூட்டினார். அது வேறு செக்‌ஷன் என்று சொல்லிவிட்டு, தலைவர் பெரிய ஏப்பம் ஒன்று விட்டு விசாரணையை முடித்தார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. ஆதிக்கத்தை உடைக்க முதல் வழி பிரித்தல். அதன்படி டெலிபோனின் மணி ஜப்பார் வீட்டிலேயே இருக்கும். காதில் வைத்துப் பேசும் பகுதி பாஸ்கல் வீட்டில் இருக்கும். லைன்மேன் ஆண்டிச்சாமி ஏணியோடு வந்தார். உத்தரவை மூன்று தடவை படித்தார். தெருவுக்குக் குறுக்கே வயரை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டார்.

“இருவது வருசமா கம்பி இழுக்குறேன் பாய். மணிய ஒரு வீட்லயும் வாய ஒரு வீட்லயும் வச்சது இதுதான் மொதத்தடவ.”

கண்காணிக்க ஒரு அதிகாரியையும் ஊரிலேயே விட்டுப்போனார்கள். கோடுபோட்ட நோட்டும் குடையுமாக அவர் தினமும் வந்தார். மணி ஜப்பார் வீட்டில் அடிக்கும். சோடா மிஷின் சத்தத்தில் பாஸ்கலுக்குக் கேட்காது. ஜப்பார் வாசலுக்கு ஓடி, “ஏலே பாஸ்கலு, மணி அடிக்குதுலே” என்று கத்துவார். மணி அடிக்கிற ரகசியம் ஜப்பாருக்கு முன்னதாகத் தெரிந்துவிடுவது நியாயமற்ற சாதகம் என்று அதிகாரி கண்டுபிடித்தார். அன்று முதல் மணி அடிப்பதை ஜப்பார் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஆயிற்று. ஜெய்தூன் பீவி சீட்டெழுதித் தருவாள். ஜப்பார் கைலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார். பாஸ்கல் சீட்டை வாங்கி, படித்து, கையெழுத்துப் போட்டு, நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போனை எடுப்பான். அதற்குள் மறுமுனையில் பேச வந்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார்.

இரண்டாவது வழி போட்டி. பாஸ்கலை ஜப்பாருக்குப் போட்டியாளனாக நியமித்திருந்தார்கள். முப்பது வருஷமாக மாமன் மச்சான் என்று பழகியவர்களுக்கு இது வரவே இல்லை. இன்று போட்டி போட்டீர்களா என்று அதிகாரி சாயங்காலம் நோட்டைப் பிரித்துக் கேட்கும்போது இருவரும் பரீட்சைக்குப் படிக்காத பையன்கள்போல் முழிப்பார்கள். ஒருநாள் பாஸ்கலுக்கு ஒரு யோசனை உதித்தது.

“போட்டோம்ங்க சார். பாய் எட்டரைக்குக் கதவத் தொறந்தாரு. நான் எட்டு இருவத்தஞ்சுக்கே தொறந்துட்டேன்.”

அதிகாரிக்குப் பரம திருப்தி. மறுநாள் ஜப்பார் எட்டு இருபதுக்குத் திறந்தார். இப்படியே போய் ஒரு வாரத்தில் இருவரும் விடிவதற்கு முன்பே கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, இரண்டு வாசலிலும் தூங்கி விழுந்தார்கள். சந்தை துடிப்போடு இருக்கிறது என்று மதராஸுக்கு அறிக்கை போனது.

துடிப்பு நீடிக்கவில்லை. பக்ரீத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெய்தூன் பீவி கொடுத்த டீயைப் பாஸ்கலும் ஜப்பாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பதை அதிகாரி பார்த்துவிட்டார். போட்டியாளர்கள் ஒன்றாக டீ குடித்தால் அது கூட்டுச்சதி. அவசர அறிக்கை பறந்தது, அவசர உத்தரவு திரும்பி வந்தது. இரு தரப்பும் நம்பத்தகாதவர்கள். மணி, வாய் இரண்டையும் பறிமுதல் செய்து தெருவிலேயே ஒரு கண்காணிப்பு அலுவலகத்தின் பொறுப்பில் வைக்கவேண்டும். அலுவலகத்துக்கு இடம் வேண்டுமே என்று பார்த்தபோது, வயரிங் வசதியுள்ள அறை அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஜப்பாரின் முன்னறை. ஆண்டிச்சாமி மறுபடி ஏணியோடு வந்து, பிரித்ததை ஒட்டி, பழைய முக்காலியிலேயே பழைய டெலிபோனை வைத்தார். உள்கதவுக்குப் பூட்டுப் போட்டு, தெருப்பக்கம் ஒரு ஜன்னல் வெட்டி, கம்பி வைத்தார்கள். ஜப்பார் தன் வீட்டுக்குள் போகப் புழக்கடை வழியைப் பழகிக்கொண்டார்.

தெருவின் எல்லா அழைப்பும் இப்போது அலுவலகத்துக்கே வந்தது. ஆனால் அது அலுவலகம் என்பதால் ஆதிக்கம் அறவே இல்லை.

பக்ரீத் வந்தது. அந்த வருஷம் தோல் நிறையச் சேர்ந்தது. அறுநூறுக்குமேல் ஆட்டுத்தோல் உப்பு பூசிக் கிட்டங்கியில் அடுக்காக நின்றது. மதரஸாவை நடத்தும் நூர் அகமது ஹஜ்ரத் வந்து பார்த்து, பிள்ளைகளுக்கு இந்த வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் கறி போடலாம் என்று சந்தோஷப்பட்டார். மூன்றாம் நாள் காலை, சேட் வழக்கமாகக் கூப்பிடும் நேரத்துக்கு ஜப்பார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. அதிகாரி எடுத்தார்.

“யார், அப்துல் ஜப்பாரா? அவருக்கு இப்போது ஆதிக்கம் இல்லை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜப்பார் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக் கெஞ்சினார்.

“அய்யா, அது எனக்கு வந்த போனுங்கய்யா. தோல் கெடந்து வீணாப் போயிரும். பிள்ளைக சோறுங்கய்யா அது.”

“உங்களுக்கு வருவதை நீங்களே எடுத்துப் பேசினால் அதற்குப் பேர்தானே ஆதிக்கம்?” என்றார் அதிகாரி. கோபமாக அல்ல, குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல. பேச விரும்பினால் படிவம் இருக்கிறது, மூன்று நகல் என்றார்.

ஜப்பார் படிவத்தை நிரப்பினார். முன்னாள் ஆதிக்கக்காரர்களின் படிவம் மதராஸ் போய்த் தலைவர் ஒப்புதலோடு வரவேண்டும். தபாலில் ஏழு நாள் ஆகும். தந்தி கொடுக்கலாம் என்று தபாலாபீசுக்கு ஓடினார். அங்கே சுவரில், இவர்களிடம் தந்தி வாங்கக்கூடாது என்று ஆதிக்கம் செலுத்தியோர் பட்டியல் ஒட்டியிருந்தது. மாகாணம் முழுமைக்குமான அந்தப் பட்டியலில் இரண்டே பெயர்கள். முதலாவது அவர், இரண்டாவது கூட்டுச்சதிகாரன் பாஸ்கல். சரி, ஹஜ்ரத்தாவது கொடுக்கட்டும் என்று அவரை அனுப்பினார்கள். ஆதிக்கத்தால் பலனடைகிறவரிடம் தந்தி வாங்கலாமா என்று விளக்கம் கேட்டு எழுதிப்போட்டிருக்கிறோம், பதில் வரும்வரை பொறுங்கள் என்று மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கடைசியில் ஜப்பாரே ரயிலேறி மதராஸ் போனார். இரண்டு தடவை கூப்பிட்டும் யாரோ ஒருவர் ஆதிக்கம் இல்லை, ஆதிக்கம் இல்லை என்று வைத்துவிட்டதால், ஜப்பார் நொடித்துப்போனார் என்று நினைத்து வாணியம்பாடிச் சரக்கை வாங்கிவிட்டதாக சேட் வருத்தத்தோடு சொன்னார்.

அவர் திரும்பி வருவதற்குள் தெரு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. தோலைத் தொட்டால் மயிர் கையோடு வந்தது. அடியில் இருந்த தோலெல்லாம் கூழாகிவிட்டது. பாஸ்கலும் ஆண்டிச்சாமியும் உப்புப் போடுகிற ஆட்களும் கூடச் சேர்ந்து, ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்தார்கள். ஜனாஸாத் தொழுகைக்கு நிற்பதுபோல் ஜப்பார் குழி ஓரத்தில் நின்றார். தன் தகப்பனாரை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழுததில்லை. ஹஜ்ரத் ஒன்றும் குற்றம் சொல்லாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது ஜப்பாருக்கு இன்னும் வலித்தது.

மறுநாள் காலை ஜெய்தூன் பீவி வீட்டு அரிசி மூட்டையை இழுத்து வந்து புழக்கடை வாசலில் வைத்தாள். இதை மதரஸாவில் கொண்டுபோய்ப் போடுங்கள், நாம் கேப்பைக் கூழ் குடித்தாலும் சாகமாட்டோம் என்றாள். ஜப்பார் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றித் தெருவுக்கு வந்தார். ஜன்னல் வழியாக அதிகாரி அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

இறுதி அறிக்கை தயாராகியிருந்தது. அதிகாரி அதை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பேகம்பூரில் ஆதிக்கம் அடியோடு ஒழிந்தது. மக்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். அலுவலகம் திறந்த நாள்முதல் ஒரு புகார்கூட போனில் வரவில்லை. முன்னாள் ஆதிக்கக்காரர் என்ற முறையில் இதை ஆமோதித்துக் கீழே கையெழுத்திட வேண்டும் என்று கம்பிக்கு வெளியே பேனாவை நீட்டினார்.

“புகாருன்னா எந்தப் போனுக்குப் பண்ணணுங்க?” என்று ஜப்பார் கேட்டார்.

“இதற்குத்தான். நான்தான் எடுப்பேன்.”

ஜப்பார் பேனாவைப் பார்த்தார். தம் முக்காலியையும் அதன்மேல் இருந்த டெலிபோனையும் பார்த்தார். ஆயுளில் முதல்முறையாக ஒரு அதிகாரியிடம் முடியாது என்று சொன்னார்.

“அடுப்பு பத்தவச்சிருப்பாங்க. பிள்ளைக காத்துக் கெடக்கும். நான் வாரேன்.”

மூட்டையோடு அவர் தெருமுனை திரும்புகிறவரை அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீட்டிய பேனாவை உள்ளே இழுத்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் அழகான எழுத்தில் எழுதினார்: ‘கையெழுத்திட மறுத்தார். ஆதிக்க மனப்பான்மை இன்னும் மிச்சம் இருப்பது தெரிகிறது. அலுவலகத்தை மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கலாம்.’